படகு பிடிபட்ட செய்தியை முதலில் சொல்வது யார்?

மீன்பிடிக்கப் போன படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுவிட்டது என்ற செய்தி இன்றைக்கு ராமேஸ்வரம் கரைக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது என்று கவனித்தால், பெரிய பத்திரிகை, டிவி நிறுவனங்கள் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடமாக ஏன் இப்படித் திணறித் திணறி மாறிக்கொண்டிருக்கின்றன என்பது பாதி புரிந்துவிடும். இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும், மறுநாள் காலையில் கரை திரும்பும். இரவில் ஏதாவது நடந்தால் பக்கத்துப் படகுக்காரர் வயர்லெஸ்ஸில் சொல்வார், இல்லையென்றால் சிக்னல் கிடைக்கும் தூரத்துக்கு வந்ததும் போனில் சொல்வார். அது படகு உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும், அங்கிருந்து தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று சொந்தக்காரர் குழுக்களுக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் இலங்கைக் கடற்படையே தன் இணையதளத்தில் படத்தோடு அறிக்கை போட்டுவிடும், இத்தனை படகு, இத்தனை பேர் என்று. யாழ்ப்பாணத்துச் செய்தித் தளங்கள் அதை எடுத்துப் போடும். பெரும்பாலும் இவ்வளவும் நடந்த பிறகுதான் நம்மூர் டிவியில் சிவப்புப் பட்டை ஓடும். மறுநாள் காலைப் பத்திரிகை கடைக்கு வரும்போது அந்த வீட்டுக்காரர்கள் மீன்வளத்துறை அலுவலகத்தில் மனுவே கொடுத்து முடித்திருப்பார்கள்.

முன்பு இது இப்படியில்லை. 1988-இல் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவுக்குள் வர ரயில்தான் வழி, பத்திரிகைக் கட்டும் அந்த ரயிலில்தான் பாம்பன் பாலத்தைத் தாண்டும். ரயில் தாமதமானால் உலகச் செய்தியும் தாமதம். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்து, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனபோது, கம்பிகள் அறுந்து, பாலம் உடைந்து, என்ன நடந்தது என்பது வெளியில் முழுதாகத் தெரிய நாள்கள் ஆயின. செய்தி போய்ச் சேர்வதற்கான பாதை யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில்தான் செய்தியும் இருந்தது. அச்சகம், கட்டு ஏற்றும் வண்டி, ஊருக்கு ஊர் ஏஜென்ட் என்று இந்தப் பாதையைப் போட்டு வைத்திருந்ததுதான் பத்திரிகை நிறுவனங்களின் உண்மையான சொத்து. தினத்தந்தி 1942-இல் மதுரையில்தான் தொடங்கியது, சாதாரண ஆளுக்குப் புரிகிற தமிழில் எழுதியது, அது ஒரு காரணம். ஆனால் எழுதியதை விடிவதற்குள் கடைசிக் கிராமத்து டீக்கடைப் பெஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே அளவுக்கு முக்கியம்.

வானொலியிலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் இந்தக் கரைக்குச் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் இங்கே வீட்டு மனிதர்கள் மாதிரி. இலங்கைப் போர்க்காலத்தில் மண்டபம் அகதிகள் முகாமில் இருந்தவர்களும் கரையில் இருந்தவர்களும் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இரவில் பிபிசி தமிழோசைக்காகக் காத்திருப்பார்கள். 1941-இல் தொடங்கிய அந்தத் தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. பிபிசி தமிழ் நிற்கவில்லை, இணையத்துக்கும் யூடியூப்புக்கும் பேஸ்புக்குக்கும் போய்விட்டது. 2024-இல் பிபிசியின் இந்திய மொழிப் பிரிவுகள் கலெக்டிவ் நியூஸ்ரூம் என்ற தனி இந்திய நிறுவனத்தின் கைக்கு மாறின. முக்கால் நூற்றாண்டு காற்றலையில் இருந்த ஒரு நிறுவனம் அதை விட்டுவிட்டு ஆளில்லாத கடையாகிவிடாமல் தப்பியது என்பதே இந்த மாற்றத்தில் நன்றாக நடந்த சில விஷயங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். அவர்கள் வேகத்தில் போட்டி போடவில்லை, ஒரு விஷயத்தை எடுத்து முன்கதை, பின்கதையோடு விளக்கும் வீடியோக்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

பாதை கைமாறிய தேதியைச் சொல்லச் சொன்னால் நான் 2016 செப்டம்பர் 5 என்பேன். ஜியோ வந்த நாள். அதுவரை ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்துச் செலவழித்தவர்கள் ஒரே நாளில் ஒரு ஜிபி பார்க்க ஆரம்பித்தார்கள். பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் அதற்கு முன்பே இருந்தன, ஆனால் வலை பின்னும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு வீடியோ பார்ப்பது என்பது அதற்குப் பிறகுதான். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார். ஊர்ச் செய்தி அவர்களுக்கு முன்பு தொலைபேசியில் மனைவி சொன்னால் உண்டு, இப்போது ஜமாத் கூட்டம் முதல் சாலைப் பள்ளம் வரை எல்லாம் நேரலை. இந்த வெளியூர்க் கண்கள் சும்மா இல்லை, யூடியூப்பில் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருவர் பார்த்தால் அதற்கு வரும் விளம்பரத் தொகை இங்கே பார்ப்பதைவிடப் பொதுவாகக் கூடுதல்.

சரி, நிறுவனங்கள் என்ன செய்தன?

முதலில் எல்லாரும் இணையதளம் தொடங்கினார்கள், அதில் காலைப் பத்திரிகையை அப்படியே ஏற்றினார்கள். அப்புறம் பேஸ்புக் பக்கம். படிப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், நாமும் அங்கே போவோம் என்ற கணக்கு. 2015-இல் பேஸ்புக் 'இன்ஸ்டன்ட் ஆர்ட்டிக்கிள்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, பத்திரிகையின் கட்டுரை பேஸ்புக்குக்கு உள்ளேயே சட்டென்று திறக்கும், உங்கள் தளத்துக்கு வாசகர் வரவே வேண்டியதில்லை. உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. பிறகு வீடியோதான் எதிர்காலம் என்றார்கள், எழுதுகிறவர்களைக் குறைத்து வீடியோ ஆட்களைச் சேர்த்த நிறுவனங்கள் ஏராளம். 2016 செப்டம்பரில் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது, வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கை இரண்டு வருடமாகத் தவறாக, மிகக் கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்று. மூன்று நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையாம். அந்த எண்ணை நம்பி வேலையிழந்தவர்களுக்கு அதற்குப் பிறகு யாரும் வேலை திருப்பிக் கொடுக்கவில்லை. 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினர் போடுவதைத்தான் முன்னால் காட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள், செய்திப் பக்கங்களுக்கு வந்த கூட்டம் சரிந்தது. 2023 ஏப்ரலில் இன்ஸ்டன்ட் ஆர்ட்டிக்கிள்ஸையும் மூடிவிட்டார்கள். அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் கடை போட்டால் வியாபாரம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் திண்ணை அவருடையதுதான்.

கனடாவில் நடந்ததைப் பார்த்தால் இது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்ததும், பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2023 ஆகஸ்ட்டில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே நிறுத்திவிட்டது. அதே மாதம் காட்டுத்தீக்காக யெல்லோநைஃப் நகரத்தையே காலி செய்தார்கள். ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்தவர்கள் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற உள்ளூர்ச் செய்தியின் இணைப்பைப் பேஸ்புக்கில் பகிர முடியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் கரைதான். 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பனுக்குப் பக்கத்தில் வந்து நகராமல் நின்றதே, அந்த மாதிரி ஒரு இரவில் நாம் செய்திக்கு நம்பியிருக்கும் பாதையை எங்கோ ஒரு நாட்டில் ஒரு கம்பெனி, ஒரு வழக்குச் சண்டைக்காக மூடிவிட முடியும். ஆஸ்திரேலியாவிலும் 2021 பிப்ரவரியில் சில நாள் இதையே செய்தார்கள், பிறகு பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர்கள் சங்கம் கூகுள் மீது கொடுத்த புகாரின் பேரில் 2022 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பேஸ்புக்கைவிடப் பெரிய வீடு யூடியூப். இதற்கு ஒரு எளிய காரணம் உண்டு, இங்கே செய்தி டிவிக்கள் ஏற்கெனவே நிறைய இருந்தன. புதிய தலைமுறை 2011-இல், தந்தி டிவி 2012-இல், நியூஸ்7 2014-இல் என்று வரிசையாக வந்தன. கேபிளில் எந்தச் சேனல் எத்தனையாவது எண்ணில் வரும் என்பது பெரிய அரசியல், பெரிய செலவு. யூடியூப்பில் அந்தச் செலவு கிடையாது, இருபத்திநான்கு மணி நேரமும் அப்படியே லைவ் விடலாம், விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. அதனால் இங்கே டிவிக்காரர்கள் தயங்காமல் உள்ளே போனார்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அடுத்த சில மாதத்துக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன, ஒரு நிமிடத்துக்குள் ஒரு செய்தி என்ற புதிய கணக்கு தொடங்கியது. ஷார்ட்ஸில் படைப்பாளிக்கு வரும் பங்கு 45 சதவீதம், அதுவும் பெரிய பொதுக் குளத்தில் இருந்து பிரித்துக் கொடுப்பது. எண்ணிக்கை கோடியில் தெரியும், கைக்கு வருவது அந்த அளவுக்கு இருக்காது.

வாட்ஸ்அப் வேறு கதை. எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள், ஆனால் செய்தி நிறுவனத்துக்கு அதில் கதவு இல்லாமல் இருந்தது. வதந்தி பரவிச் சிலர் அடித்துக் கொல்லப்பட்டதற்குப் பிறகு 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது என்று கட்டுப்பாடு வந்தது, 2020 ஏப்ரலில் அதிகம் பரவிய செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்கோ ஒரு குழுவுக்கோதான் என்றாக்கினார்கள். 2023 செப்டம்பரில் வாட்ஸ்அப் சேனல் வந்ததும் தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் பாய்ந்து சேர்ந்தன. சேனலில் பின்தொடர்வோர் எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறது, ஆனால் விளம்பரப் பணம் கிடையாது என்றுதான் தொடங்கினார்கள், இணைப்பை அழுத்தித் தளத்துக்கு வருகிறவர்கள் வந்தால்தான் உண்டு.

இந்த மாற்றத்தின் பாரம் முழுக்க யார் தலையில் விழுந்தது என்றால், கடைசியில் நிற்கும் நிருபர் தலையில். சென்னையில் டிஜிட்டல் டெஸ்க், தனி எடிட்டர், கிராபிக்ஸ் ஆள் எல்லாம் இருக்கும். மண்டபத்திலோ திருவாடானையிலோ இருப்பவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபர். மாதச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது, வெளிவந்த செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு. சில இடங்களில் அவரே விளம்பரமும் பிடித்துக் கொடுக்க வேண்டும். முன்பு அவர் சாயங்காலத்துக்குள் ஒரு செய்தி, ஒரு படம் அனுப்பினால் போதும். இப்போது சம்பவ இடத்துக்குப் போனதும் முதலில் நிமிர்த்திப் பிடித்து ஷார்ட்ஸுக்கு ஒரு வீடியோ, பிறகு படுக்கவைத்துப் பிடித்து டிவிக்கு ஒரு வீடியோ, நாலு பேரிடம் பைட் (கேமரா முன் சின்னப் பேச்சு), நியூஸ் கார்டு என்ற படச்செய்திக்கு நாலு வரி, இணையதளத்துக்கு உடனே ஒரு பத்தி, அச்சுக்கு இரவு முழுச் செய்தி. அதே ஆள், அதே காசு, ஆறு வேலை. படகு பிடிபட்ட வீட்டில் அம்மா அழுதுகொண்டிருக்கும்போது அவர் முகத்துக்கு நேராகப் போனை நீட்டிக்கொண்டு நிற்க அந்த நிருபருக்கும் பிடிக்காது. ஆனால் அழுகிற காட்சி இல்லாமல் அனுப்பினால் டெஸ்க்கில் இருந்து போன் வரும். வீடியோவின் முகப்புப் படத்தில் அந்த அழுகையைத்தான் வைப்பார்கள், மேலே மஞ்சள் எழுத்தில் 'கதறும் குடும்பம்' என்று எழுதுவார்கள். இந்தக் கரை மக்களின் துயரத்தை இப்படி எடுத்து விற்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது. வேறு எங்கே பேசினாலும் நான் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எந்த வீடியோவை யாருக்கு முன்னால் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்காரிதம் என்ன கேட்கிறது என்பதும் இங்கே நன்றாகத் தெரியும். கச்சத்தீவு யாருடையது என்று ஸ்டுடியோவில் நாலு கட்சிக்காரர்களை உட்காரவைத்துச் சண்டை போடவைத்தால் பார்ப்பார்கள். 1974, 1976 ஒப்பந்தங்கள் பற்றி யூடியூப்பில் இருக்கும் தமிழ் வீடியோக்களை எண்ணி மாளாது. ஆனால் பிடிபட்டவர்களை ஊர்காவற்றுறை நீதிமன்றத்திலோ மன்னார் நீதிமன்றத்திலோ நிறுத்திய பிறகு என்ன ஆனது, காவலை எத்தனை நாள் நீட்டித்தார்கள், யாரை விட்டார்கள், யாருக்கு அபராதம், படகை என்ன செய்தார்கள் என்று தேடிப் பாருங்கள். கைதுச் செய்தி நூறு இடத்தில் இருக்கும், வழக்கு முடிந்த செய்தி ஒன்றோ இரண்டோ. இலங்கை 2018-இல் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு கூட்டியது, கரையில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும் விஷயம் அதுதான். 2024 பிப்ரவரியில் படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்தபோது ராமேஸ்வரம் மீனவர்கள் அந்த வருடம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே புறக்கணித்தார்கள். புறக்கணிப்பு பெரிய செய்தியானது. தண்டனை எந்தப் பிரிவில், முதல் தடவை பிடிபட்டவருக்கும் இரண்டாம் தடவை பிடிபட்டவருக்கும் என்ன வித்தியாசம் என்பதை நிதானமாக எழுதிய இடங்கள் மிகக் குறைவு.

வானிலையில் இதற்கு நேர் எதிரான கதை நடந்தது. அதை இந்த நிறுவனங்கள் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். 'பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்ற வரி தமிழ்ப் பத்திரிகைகளில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் வரும். ஒன்றாம் எண் என்றால் என்ன, பதினொன்று வரை இருக்கிறதே, அதெல்லாம் என்ன என்று விளக்கும் பழக்கம் ரொம்ப நாள் கிடையாது. சென்னையில் பிரதீப் ஜான் என்பவர் 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் பேஸ்புக்கில் மழையைப் பற்றி எழுத ஆரம்பித்தார். 2015 வெள்ளத்தின்போது ஊரே அவர் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தது. ரேடார் படத்தைப் போட்டு, மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, எனக்கு எதில் சந்தேகம் இருக்கிறது என்று சொல்லி எழுதுவார், கேள்வி கேட்டால் பதில் சொல்வார். கடைசியில் டிவிக்களும் பத்திரிகைகளும் அவரிடமே போய்க் கேட்டு எழுதின. இன்றைக்குத் தமிழ்ச் செய்தி நிறுவனங்கள் வானிலையை விளக்கப்படத்தோடு, மாவட்டம் மாவட்டமாகச் சொல்கின்றன என்றால் அதற்கு அவரும் அவரைப் போன்ற தனி ஆள்களும் கொடுத்த அழுத்தம் ஒரு காரணம். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது முதல் வீடியோக்கள் எல்லாம் தெருவில் நின்றவர்கள் எடுத்தவைதான். ஆனால் அது ஏன் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் சில மணி நேரத்தில் அப்படிக் கொட்டியது, மேகவெடிப்பு என்று எதைச் சொல்கிறார்கள் என்று மறுநாள் தேடிப் போனவர்கள் வந்து நின்றது பத்திரிகைத் தளங்களில்.

பாம்பன் புதிய பாலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது, புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. இடையில் அந்தத் தூக்குப் பாலத்தை மேலே ஏற்றி இறக்கிச் சோதித்ததை ட்ரோனில் எடுத்துப் போடாத சேனல் இல்லை. அழகான காட்சி, நானும் பார்த்தேன், பகிர்ந்தேன். ஆனால் 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கொடுத்த அறிக்கையில் திட்டமிடலில் நடந்த குறைகளையும் துருப்பிடிக்கும் கவலையையும் எழுதியிருந்தார், மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 என்று வேகத்தைக் கட்டி அனுமதி கொடுத்திருந்தார். இது வெளியே பேசப்பட்டது, அறிக்கையை எடுத்து உட்கார்ந்து படித்த நிருபர்களால். காட்சி எல்லாரிடமும் இருக்கிறது. காகிதத்தைப் படிக்கிற ஆள் சில இடத்தில்தான் இருக்கிறார், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் அதைவிடக் குறைவு.

நான் சொல்ல வருவது இதுதான். முதலில் சொல்வது யார் என்ற போட்டியில் பத்திரிகையும் டிவியும் தோற்றாகிவிட்டது, அது திரும்ப வராது. படகிலேயே போன் இருக்கும்போது எந்த நிருபரும் அந்தப் போனை முந்த முடியாது. ஆனால் இவர்கள் இன்னும் அந்தப் போட்டியிலேயே பணத்தைக் கொட்டுகிறார்கள், அதனால்தான் நியூஸ் கார்டு என்ற வடிவம் இப்படிப் பெருகியது. சதுரமாக ஒரு படம், கீழே இரண்டு வரி, மூலையில் லோகோ. வேகமாகச் செய்யலாம், வேகமாகப் பரவும். யார் வேண்டுமானாலும் அதே எழுத்துருவையும் லோகோவையும் வைத்துப் போலி ஒன்று செய்யவும் முடியும். தேர்தல் நேரத்தில் தமிழில் பரவும் பொய்களில் பெரும்பகுதி இந்தப் போலிக் கார்டுகள்தான். சேனல்கள் 'இது எங்கள் கார்டு அல்ல' என்று சிவப்பு முத்திரை குத்தி இன்னொரு கார்டு போடுகின்றன, அது பாதிப் பேரைக்கூட எட்டாது. யூடர்ன் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்கள் இதற்காகவே வேலை செய்கின்றன, தமிழ்நாடு அரசும் 2023-இல் தனிப் பிரிவு தொடங்கியது. ஒவ்வொரு புயலுக்கும் வேறெங்கோ எடுத்த பழைய வீடியோ ஒன்று 'இப்போது தனுஷ்கோடியில்' என்று சுற்றும். இங்கே உள்ளவர்கள் கடற்கரை மணலைப் பார்த்தே அது நம்ம இடமில்லை என்பார்கள், துபாயில் இருக்கும் பிள்ளை பதறிப்போய் போன் செய்வான்.

பணம் எங்கே போனது என்பதையும் சொல்லாமல் இந்தக் கதை முழுதாகாது. மாவட்டப் பதிப்பு என்ற ஒன்று எதில் ஓடியது என்று யோசித்தால் கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி, பிறந்தநாள் வாழ்த்து, கோயில் திருவிழாச் சிறப்பு மலர், டெண்டர் அறிவிப்பு, ராமநாதபுரம் கடைத்தெருவின் தீபாவளி விளம்பரம். பரீட்சை முடிவு நாளில் மாலைமுரசும் மாலைமலரும் பதிவெண்களை அடுக்கிப் போடும், பையன்கள் பேருந்து நிலையத்தில் வரிசையில் நிற்பார்கள். முடிவு இப்போது எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. அஞ்சலி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் பிளக்ஸுக்கும் போய்விட்டது. ஜவுளிக்கடைக்காரர் உள்ளூர் இன்ஸ்டாகிராம் பையனைக் கூப்பிட்டு ஒரு ரீல் எடுக்கச் சொல்கிறார், மறுநாளே கடைக்கு ஆள் வருவதைப் பார்க்கிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிஞ்சியது அரசு விளம்பரம். அரசு விளம்பரத்தை நம்பியே இருக்கும் பத்திரிகை கலெக்டர் அலுவலகத்தை எவ்வளவு தூரம் கேள்வி கேட்கும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை.

மாற்று வழி சந்தா. நியூயார்க் டைம்ஸ் 2011-இல் காசு கொடுத்தால்தான் படிக்கலாம் என்று கதவை வைத்தபோது எல்லாரும் நடக்காது என்றார்கள், 2023-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டிவிட்டது. அது ஆங்கிலம், உலகச் சந்தை, சமையல் குறிப்பு, புதிர் விளையாட்டு எல்லாம் சேர்த்து விற்கிறார்கள். தமிழில் விகடன் ரொம்ப நாளாகவே இணையச் சந்தாவை முயன்று வருகிறது, 'இந்து' ஆங்கில நாளிதழும் கட்டணம் வைத்திருக்கிறது. ஆனால் இணையத்தில் மட்டும் நிற்பதில் வேறொரு பலவீனம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் மின்னிதழில் வந்த ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முழுவதுமே முடக்கப்பட்டது. மார்ச் 6-ஆம் தேதி, அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு படத்துக்காகத் தளத்தில் இருந்த அத்தனை வருடத்து எழுத்தும் வாரக்கணக்கில் வாசகர் கண்ணிலிருந்து மறைந்தது. அச்சில் வந்த இதழை அப்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திரும்ப எடுக்க முடியாது.

இதற்கிடையில் கரையிலேயே புதிய ஊடகங்கள் முளைத்துவிட்டன. 2016 ஆகஸ்ட்டில் பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 என்ற சமுதாய வானொலி தொடங்கியது, மீனவர்களுக்காகவே நடக்கும் வானொலி. காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், எந்த மீனை இந்த மாதம் பிடிக்கக் கூடாது, என்ன அரசுத் திட்டத்துக்கு எப்போது கடைசித் தேதி என்று கரை மொழியில் பேசுகிறார்கள். கச்சான் காற்று, வாடைக் காற்று என்று சொன்னால்தான் இங்கே புரியும், தென்மேற்கு என்றால் மெதுவாகத்தான் புரியும். மூக்கையூரிலிருந்து 'உங்கள் மீனவன்' என்ற யூடியூப் சேனலைக் கடலுக்குப் போகிற மீனவரே நடத்துகிறார். வலை எப்படி இறக்குவது, கிடைத்த மீன் எது, கடலிலேயே எப்படிச் சமைப்பது என்று அவர் காட்டுவதை உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தமிழர்கள் பார்க்கிறார்கள். எந்தப் பெரிய சேனலும் இந்த மக்களை இப்படிக் காட்டியதில்லை, பெரிய சேனலில் மீனவன் என்றால் ஒன்று செத்திருப்பான், இல்லை அழுதுகொண்டிருப்பான். இந்த இரண்டு முயற்சியிலும் இருக்கும் மரியாதைதான் நிறுவனங்கள் இங்கே வந்து கற்றுக்கொள்ள வேண்டியது. ஆனால் ஒன்று, சேனல் நடத்தும் மீனவரிடம் போய் நீங்கள் ஏன் மன்னார் நீதிமன்றத்துக்கு நிருபர் அனுப்பவில்லை என்று கேட்க முடியாது. அது அவர் வேலையில்லை. அது அச்சகமும் வக்கீலும் கணக்குப்பிள்ளையும் வைத்திருக்கும் நிறுவனத்தின் வேலை.

அந்த வேலையை இப்போதிருக்கும் கருவிகளை வைத்தே செய்யலாம் என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். பிடிபட்ட ஒவ்வொரு படகுக்கும் ஒரு பக்கம் போடட்டும். பதிவு எண், பிடிபட்ட தேதி, எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா எப்போது, யார் விடுதலையானார்கள், படகு எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது. வாய்தா நாளில் அந்தப் பக்கத்தைப் புதுப்பித்து வாட்ஸ்அப் சேனலில் ஒரு வரி போட்டால் போதும், தங்கச்சிமடத்தில் ஒரு பெண் புரோக்கரிடமும் கட்சிக்காரரிடமும் போய் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் அவர் கையில் இருக்கும் போனுக்கே வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நிவாரணப் பணம் எந்த ஊரில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்றும் இதே மாதிரி ஊர்வாரியாகப் போடலாம். இப்படி ஒரு பக்கம் இருந்தால் அதற்கு மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்க இந்தக் கரையில் ஆள் இருக்கிறது, கீழக்கரையிலிருந்து வெளிநாடு போனவர்களிலும் இருக்கிறது. இதற்குப் புது ஸ்டுடியோ வேண்டாம், ட்ரோன் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஒரு நிருபரோடு ஒழுங்கான ஏற்பாடு, மண்டபத்தில் இருக்கும் அந்தப் பகுதிநேர நிருபருக்கு முழுநேரச் சம்பளம், இந்த இரண்டுக்கும் ஒரு நிறுவனம் பட்ஜெட்டில் இடம் ஒதுக்கினால் அடுத்த தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும்போதே தொடங்கிவிடலாம்.